ஒரு சிப்பாய், இரண்டு கோப்பைகள்

ஏப்ரல் 21, திங்கள்

திருச்சியிலிருந்து அழைப்பிதழ் வந்தது. தேசிய மகளிர் சதுரங்கப் போட்டிக்குப் பொன்விழாவாம். பழைய சாம்பியன்களை எல்லாம் கூப்பிட்டுக் கௌரவிக்கிறார்கள். விளையாட்டரங்கின் வாசலில் அத்தனை பேர் பெயரையும் வருட வரிசையில் கிரானைட் கல்லில் வெட்டி வைக்கப் போகிறார்கள்.

உறைமேல் 'முன்னாள் தேசிய சாம்பியன் திருமதி குமுதவல்லி, கோயம்புத்தூர்' என்று அச்சடித்திருந்தது. மருமகளிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "அத்தை, நீங்க செஸ் ஆடுவீங்களா?" என்று கேட்டாள். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. கோப்பை ஷோகேஸில்தான் இருக்கிறது. அதற்குள் பேனா போட்டு வைத்திருப்பதே அவள்தான்.

இட்லிக்கு அரைத்தேன். உளுந்து இந்த முறை சரியில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

கோப்பையைப் புளி போட்டுத் தேய்த்தேன். பேனாக்களை டம்ளருக்கு மாற்றினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

விழாக் குழுச் செயலாளர் சந்திரபோஸ் போன் செய்தார். விஷயத்துக்கு வரும்வரை நல்ல மனிதராகத்தான் பேசினார்.

"மேடம், ஒரு சின்னச் சிக்கல். உங்க வருஷத்துக்கு மட்டும் ரெண்டு சாம்பியன் வருது."

"ரெண்டு பேருன்னா யாருங்க?"

"நீங்க... அப்புறம் பாளையங்கோட்டை எஸ்தர் பொன்மணி மேடம்."

போனை வைத்துவிட்டேன். பிறகு மரியாதையாக இருக்காதே என்று நானே கூப்பிட்டு, லைன் கட்டாகிவிட்டது என்றேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள் சொன்னால் நம்பித்தானே ஆக வேண்டும்.

நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஆளாளுக்கு வேறு மாதிரி சொல்கிறார்கள்.

மதுரையில், ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து ஹாலில் கடைசிச் சுற்று. எனக்கும் எஸ்தருக்கும் சமமான புள்ளி. அந்த ஆட்டத்தில் ஜெயிப்பவள் இந்தியாவின் சாம்பியன். எனக்கு வெள்ளைக் காய். மாலை ஆனபோது பலகையில் மிச்சம் இருந்தது ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு சிப்பாய். இரண்டு பேருக்கும் கடிகாரத்தில் நேரம் இல்லை. நகர்த்தலைத் தாளில் குறிப்பதைக்கூட விட்டுவிட்டோம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

வாட்ச்மேன் பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார். மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். ஊரில் இருந்த ஈசல் எல்லாம் உள்ளே வந்துவிட்டது. நடுவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து விரட்டினார். ஈசல் போகவில்லை. காய்கள் போயின.

பொறுக்கி எடுத்துத் திரும்ப வைத்தோம். எல்லாக் காய்க்கும் இடம் தெரிந்தது, என் சிப்பாயைத் தவிர. அது ஆறாவது வரிசையில் இருந்தது. இன்னும் இரண்டு கட்டம் போனால் ராணி. எஸ்தர் ஐந்தாவது வரிசை என்று சாதித்தாள். பார்வையாளர்களைக் கேட்டார்கள். அத்தனை பேரும் ஈசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

ஆட்டம் நடக்கவே இல்லை. அந்த வருடம் சதுரங்க சங்கம் இரண்டாக உடைந்திருந்தது. ஒரு கோஷ்டி எனக்குக் கோப்பை கொடுத்தது. சரியான கோஷ்டி. இன்னொன்று அவளுக்குக் கொடுத்தது. அதிலிருந்து ஒரு புத்தகத்தில் நான் சாம்பியன், இன்னொரு புத்தகத்தில் அவள். நாற்பத்தைந்து வருடமாக நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்ததும் இல்லை, பேசியதும் இல்லை.

மே 1, வியாழன்

திருச்சிக்கு ரயில். ஸ்டேஷனில் மகன், "அம்மா, அங்க போய்ச் சண்டை கட்டாதீங்க" என்றான். யாரோ கட்டின மாதிரி. கோப்பையைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சும்மாதான்.

மே 2, வெள்ளி

விருந்தினர் விடுதி. அறைகள் போதவில்லையாம். இரண்டு பேருக்கு ஓர் அறை. கதவைத் திறந்தால், ஜன்னலோரக் கட்டிலில் எஸ்தர் உட்கார்ந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரம் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை என் தோளுக்குமேல் எங்கேயோ போனது. அந்தத் திமிர் இன்னும் குறையவில்லை என்று நினைத்தேன்.

"யாரு?" என்றாள்.

"குமுதவல்லிங்க."

"வாங்க, வாங்க. நல்லா இருக்கியளா?"

"இருக்கேனுங்க."

"குரல் அப்படியே இருக்கு."

"நீங்களும் அப்படியேதான் இருக்கீங்க." இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

அவளும் கோப்பை கொண்டுவந்திருக்கிறாள். மேஜைமேல் நடுநாயகமாக வைத்திருந்தாள். என்னுடையதைவிட உயரம். ஆனால் கனமே இல்லை. அவள் குளிக்கப் போனபோது தூக்கிப் பார்த்தேன்.

என்னுடையதைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் தனித்தனியாகத் தெரிய நடுவில் தண்ணீர் ஜாடியை வைத்தேன்.

மே 3, சனி

போட்டித் தொடக்க விழா. எம்.எல்.ஏ. பேசினார். சதுரங்கத்தில் மொத்தம் நான்கு அங்கம், அதனால்தான் நான்கு பேர் சேர்ந்து ஆடுகிறோம் என்றார். மேடையில் எஸ்தரும் நானும் பக்கத்து நாற்காலி. சிரிப்பை அடக்க முடியாமல் நான் கர்ச்சீப்பைத் தேடினேன். அவள் தன்னுடையதைக் கொடுத்தாள். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். துவைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டில் ஒரு விஷயம் கவனித்தேன். ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றும்போது அவள் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டாள். சுடுகிறபோது நிறுத்தினாள்.

"கண்ணு தெரியலீங்களா டீச்சர்?" என்று கேட்டேன். டீச்சர் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கணக்கு டீச்சராக இருந்தவள். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"புரை விழுந்துட்டு. ரெண்டு கண்ணும். ஆளு தெரியும், மூஞ்சி தெரியாது."

"ஆபரேஷன் பண்ணிக்கலாமில்லீங்க. அரை மணி நேர வேலை."

"பண்ணலாம். மவன் மஸ்கட்ல இருக்கான். தனியாப் போயி படுக்கணுமேன்னு தள்ளிக்கிட்டே போவுதேன்."

எனக்கென்ன. அப்பளம் நமுத்துப்போயிருந்தது.

சாயங்காலம் சந்திரபோஸ் அறைக்கு வந்தார். மனிதருக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை போலிருக்கிறது; சட்டைப் பொத்தானை ஒரு கட்டம் மாற்றிப் போட்டிருந்தார். சிப்பாய் மாதிரி.

"கல்வெட்டுல உங்க ரெண்டு பேர் வரி மட்டும்தான் பாக்கி. கல் வெட்டுறவர் தினமும் போன் பண்றார். புதன்கிழமை திறப்பு. யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தா..."

நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.

"சரி, அப்ப ஆடிருங்க" என்றார். "நாளைக்கு குமுதவல்லி மேடம் சொல்ற நிலையிலிருந்து ஒரு ஆட்டம். மறுநாள் எஸ்தர் மேடம் சொல்ற நிலையிலிருந்து ஒண்ணு. ரெண்டுலயும் யார் ஜெயிக்கிறாங்களோ அவங்க பேரு கல்லுல."

எஸ்தர் உடனே, "நான் ரெடி" என்றாள். அவளுக்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டும். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மே 4, ஞாயிறு

தோற்றுவிட்டேன்.

மே 5, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. கை வலி.

இந்த ஆட்டத்தை நாற்பத்தைந்து வருடமாக மனதுக்குள் ஆடிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் ஆடியிருக்கிறேன். எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக்கொண்டே ஆடியிருக்கிறேன். மகன் பிறந்தபோது வலி விட்டுவிட்டு வருமே, அந்த இடைவெளியில்கூட ஆடியிருக்கிறேன். ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. ஆனால் என் மனதுக்குள் எஸ்தர் எப்போதும் தப்பாகவே ஆடுவாள்.

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் பலகையை வைத்தார்கள். சிப்பாயை ஆறாவது வரிசையில், என் கையால் வைத்தேன். எஸ்தர் குனிந்து, ஒவ்வொரு காயாகத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட காயை ஆட வேண்டும் என்பது சட்டம். அவள் பலகை முழுக்கத் தொட்டுவிட்டாள், என் ராஜா உட்பட. சந்திரபோஸ் நடுவராக உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அதன்பிறகு என் நகர்த்தல்களை வாய்விட்டுச் சொல்லியபடி ஆடினேன். என் ஞாபகத்துக்காகத்தான். எக்ஸ்சேஞ்சிலேயே எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. நம்பரைச் சொல்லிக்கொண்டேதான் போடுவேன்.

ஆறாவது வரிசைச் சிப்பாய்க்குப் பக்கத்துணை இல்லை. ராஜா எங்கேயோ நிற்கிறார். அவள் யானையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சிப்பாய்க்குப் பின்னால் நிறுத்தினாள். அதோடு போயிற்று. பிறகு அவளுடைய சிப்பாய் அதன் பாட்டுக்கு நடந்து போய் ராணியானது.

"சிப்பாயி ரொம்பத் தூரம் போயிட்டு பாத்தியளா. ராசா எட்ட நிக்காரு" என்றாள். வகுப்பில் சொல்வது மாதிரி.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்தேன். அவள் ஒரு தட்டில் இரண்டு இட்லி கொண்டுவந்து மேஜைமேல் வைக்கப்போய் என் கோப்பைமேல் வைத்தாள். சட்னி முழுவதும் உள்ளே.

இது நேற்றுக் கதை. இன்றைக்கு இரண்டாவது ஆட்டம். சிப்பாய் ஐந்தாவது வரிசையில், எஸ்தர் கையால் வைக்கப்பட்டது.

நான் ஜெயித்தேன்.

கஷ்டமே படவில்லை. ஐந்தாவது வரிசையில் இருந்தால் ராஜா பக்கத்திலேயே இருக்கிறார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் யானை பின்னால், முன்னால் என்று எங்கே வந்தாலும் ராஜா விலகவில்லை.

எஸ்தர் கைகுலுக்கினாள். பிறகு சிப்பாய் கிளம்பின கட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுல நான் எத்தன தடவ ஜெயிச்சிருக்கேன் தெரியுமா, குமுதம்? சர்ச்சுல பாஸ்டர் பிரசங்கம் பண்ணுவாரு, நான் பெஞ்சுல உக்காந்து இதத்தான் ஆடிக்கிட்டிருப்பேன். ஆமென்னு சொல்லும்போது உன் ராசா சாஞ்சிருக்கும்."

"உங்க மனசுல நான் தப்பா ஆடியிருப்பேனுங்க."

"ரொம்பத் தப்பா ஆடுவ" என்றாள்.

அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். ஜெயித்தவர்கள் வாங்கிக் கொடுப்பதுதான் வழக்கம். அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று சந்திரபோஸ் கேட்டார். கோவைப் பக்கம் உண்டு என்றேன்.

மே 6, செவ்வாய்

காலையில் சந்திரபோஸ் வந்தார். ஆளுக்கு ஒரு வெற்றி. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு.

"இப்ப ரொம்ப சுலபம் மேடம். சிப்பாய் நிஜமா எந்த வரிசையில இருந்ததுன்னு மட்டும் முடிவு பண்ணிட்டாப் போதும். அந்த நிலையில ஜெயிச்சவங்கதான் சாம்பியன்."

நான் இதை முன்னமே யோசித்து வைத்திருந்தேன். விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை. "டீச்சர் சொன்னதுதான் சரிங்க. நல்லா ரோசனை பண்ணிப் பாத்தேன். சிப்பாய் அஞ்சாவது வரிசையிலதான் இருந்துச்சு" என்றேன்.

"சேச்சே" என்றாள் எஸ்தர் அதே நேரத்தில். "குமுதம் சொன்னதுதான் சரி. ஆறாவது வரிசை. எனக்கு இப்பதான் தெளிவாத் தெரியுது."

சந்திரபோஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், நாப்பத்தஞ்சு வருஷமா நீங்க ஆறுன்னீங்க, அவங்க அஞ்சுன்னாங்க."

"அப்பத் தெளிவா இல்லீங்க."

"வெளக்கு வெளிச்சம் பத்தாதுல்லா" என்றாள் எஸ்தர்.

"டீச்சர், நீங்க பொய் சொல்லக்கூடாது. அஞ்சுன்னு நீங்க எத்தனை பத்திரிகையில எழுதினீங்க? நான் எல்லாம் படிச்சிருக்கேனுங்க."

"நீ ஆறுன்னு எழுதுனதையும்தான் நான் படிச்சிருக்கேன். அவ்வளவும் வெட்டி வச்சிருக்கேன். அவ்வளவு உறுதியா எழுதுன பிள்ள இப்ப மாத்திச் சொன்னா எப்படி?"

இந்த ரீதியில் டிபன் வரும்வரை போனது. நான் லாபத்துக்காக மாற்றிச் சொன்னதாக யாராவது நினைக்கலாம். அப்படி இல்லை. சில விஷயங்கள் ஆடிப் பார்த்தால்தான் ஞாபகம் வரும். எஸ்தர் சொன்னதுதான் லாபத்துக்காக.

சந்திரபோஸ் பொங்கல் தட்டைத் தொடவே இல்லை. கடைசியில், "ரெண்டு பேரையும் போட்டுடறேன். கூட்டுச் சாம்பியன். என்னை விட்டுருங்க" என்றார். அந்தக் குரலைக் கேட்டபோது பாவமாக இருந்தது. சரி என்றோம். யார் பெயர் முதலில் என்பதில் கொஞ்ச நேரம் பேச வேண்டியிருந்தது. அகரவரிசைப்படி 'எ' முன்னால் வருகிறது, அதனால் அவள் பெயரே முதலில் இருக்கட்டும் என்று நானே சொல்லிவிட்டேன். இலக்கணத்தை மாற்ற முடியாது.

அவர் அங்கேயே நின்று கல் வெட்டுகிறவருக்குப் போன் போட்டார். மைதானத்தில் மைக் டெஸ்டிங் நடந்துகொண்டிருந்தது. "எஸ்தர்... ஆமா... குமுதவல்லி... ஒரே வரிதான்யா இருக்கு, இனிஷியல் எல்லாம் வேணாம்... ஹலோ, ஹலோ... எஸ்தர் குமுதவல்லி! அவ்வளவுதான்!"

மே 7, புதன்

கல் திறப்பு. எல்லோரும் பட்டுப்புடவை. எஸ்தர் சேலை மடிப்பை நான்தான் எடுத்து விட்டேன், நேரமாகிக்கொண்டிருந்தது.

எம்.எல்.ஏ. திரைச்சீலைக் கயிற்றை இழுத்தார். வரவில்லை. சந்திரபோஸும் சேர்ந்து இழுத்ததில் கம்பியோடு வந்தது. கைதட்டினார்கள்.

பளபளவென்று கறுப்புக் கல், தங்க எழுத்து. எஸ்தர் என் முழங்கையைப் பிடித்தாள். "நம்ம வரி சரியா வெட்டியிருக்கானா? வாசிச்சுச் சொல்லு."

வாசித்தேன். மனதுக்குள்தான். மறுபடி வாசித்தேன்.

"என்னட்டி, எம் பேர விட்டுட்டானா?"

"இல்லீங்க டீச்சர். ரெண்டு பேரும் இருக்கு. கமா இல்லீங்க."

"கமா இல்லன்னா?"

"எஸ்தர் குமுதவல்லின்னு ஒரே ஆளா வெட்டிப்போட்டாங்க."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் மேடையில் அறிவிப்பாளர், கல்லைப் பார்த்தே படித்துக்கொண்டு வந்தவர், "அடுத்து, எஸ்தர் குமுதவல்லி அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து போனோம். அறிவிப்பாளர் என்னிடம், "அம்மா, நீங்க துணைக்கு வந்தவங்களா? கீழயே இருங்க" என்றார். நான் பார்த்த பார்வையில் மைக்கைவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

பொன்னாடை ஒன்றுதான் எடுத்து வைத்திருந்தார்கள். எம்.எல்.ஏ. அதை எஸ்தர் தோளில் போட்டார். பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்தார். அரசியலில் எத்தனையோ சமாளித்தவர். போட்ட பொன்னாடையின் ஒரு முனையை இழுத்து என் தோளிலும் போட்டுவிட்டார். போட்டோ எடுத்தார்கள். மழைக்கு ஒதுங்கின இரண்டு பேர் மாதிரி நிற்கிறோம். எஸ்தர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு. அதற்குமேல் என்னாலும் முடியவில்லை. பொன்னாடை நழுவி எம்.எல்.ஏ. காலில் விழுந்தது.

கீழே இறங்கி உட்கார்ந்ததும் சந்திரபோஸ் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மன்னிச்சிருங்க மேடம், மன்னிச்சிருங்க. நடுவுல ஒரு கமா வெட்டச் சொல்லிட்டேன். ஆளு உளியோட வந்துக்கிட்டு இருக்கார்."

நான் பதில் சொல்வதற்குள், போட்டியில் ஆடுகிற ஒரு பெண்ணின் அம்மா, வடக்கே ஓசூர்ப் பக்கமாம், எங்களிடம் வந்தாள். கல்லைக் காட்டி, "இவ்ளோ பேர்ல இவங்க ஒருத்தர் பேர் மட்டும் வித்தியாசமா இருக்கே. எஸ்தர் குமுதவல்லி. யாருங்க இவங்க? இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

எஸ்தர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இருக்கா, இருக்கா. நல்லா ஆடுவா. அவ காலத்துல அவள அடிக்க ஆளே கெடையாது. ஒரே ஒரு கொறதான், ஒரு சிப்பாய எங்கன வச்சோம்னு மட்டும் அவளுக்கு ஞாபகம் இருக்காது."

"ரெண்டு கோப்பை வச்சிருக்காங்க" என்றேன் நான்.

அந்த அம்மா கல்லைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

கமா வேண்டாம் என்று சந்திரபோஸிடம் சொல்லிவிட்டேன். மெருகு போட்ட கல்லைத் திரும்பக் கொத்தினால் அசிங்கமாகிவிடும். வேறு காரணம் எதுவும் இல்லை. எஸ்தரும் அதையேதான் சொன்னாள். அவர் நம்பவில்லை; அரை மணி நேரம் எங்கள் பக்கத்திலேயே, இன்னும் என்ன வரப்போகிறதோ என்று உட்கார்ந்திருந்தார். பாவம், பொங்கல் கொடுத்தோம். இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மே 8, வியாழன்

கோவை ரயிலில் எழுதுகிறேன். வண்டி ஆடுகிறது. கர்ச்சீப்பைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

மகனிடம் பாளையங்கோட்டைக்கு டிக்கெட் போடச் சொன்னேன். "யாரைப் பாக்கறதுக்கும்மா?" என்றான். ஒரு கர்ச்சீப் கொடுக்க வேண்டும் என்றேன். கூரியரில் அனுப்பலாமே என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரிவதில்லை.

மே 19, திங்கள், பாளையங்கோட்டை

காலையில் ஆஸ்பத்திரி. முதலில் வலது கண். என்னைத் தியேட்டருக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். உள்ளே போகும்போது அவள், "நீ இருப்பல்லா?" என்று கேட்டாள். வேறு எங்கே போவது, வெளியே வெயில்.

படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நர்ஸ் கேட்டாள். யோசித்துவிட்டு 'எதிராளி' என்றேன். அந்தப் பெண் 'சகோதரி' என்று எழுதிக்கொண்டாள். திருத்தச் சொல்ல நேரமில்லை.

மே 20, செவ்வாய்

கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அவள் அதைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தாள், வெகுநேரம்.

"ஏ பிள்ள, இவ்வளவு வயசாயிட்டா உனக்கு?"

"நீங்க மட்டும் என்னவாமுங்க?" என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்தினால் என்று டாக்டர் சொன்னார். எனக்கு மருந்து எதுவும் போடவில்லை. ஆஸ்பத்திரியில் ஃபினாயில் நெடி அதிகம்.

வந்த வேலை முடிந்தது. நாளை மாலை ரயில். இடது கண் ஆபரேஷன் அடுத்த மாதமாம். டிக்கெட்டை அதுவரை தள்ளிப் போட முடியுமா என்று மகனை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த வெயிலில் பிரயாணம் உடம்புக்கு ஆகாது.